பின் சீட்டில் ஒரு டம்ளர் டீ

ஆம்பூர் மெக்கானிக் பாய்க்குத் தாடி முழுக்க மருதாணி. கையில் எப்போதும் ததும்பத் ததும்ப டீ. அவர் அதைக் குடித்து நான் பார்த்ததில்லை. அது அவருடைய பரிசோதனைக் கருவி.

வேலூரிலிருந்து ஆம்பூருக்கு என் பழைய அம்பாசிடரில்தான் தினமும் வேலைக்குப் போவேன். பின் சீட்டில் என் மனைவியும் அவளுடைய பள்ளிக்கூடத்து டீச்சர்கள் இருவரும். "குலுங்கிக் குலுங்கி இடுப்பு போச்சு. திங்கக்கிழமையிலேர்ந்து நாங்க பஸ்ஸு" என்று மூவரும் அறிவித்துவிட்டார்கள். கார்க்காரன் மனைவி பஸ்ஸில் போனால் என் மரியாதை என்னாவது?

இறுக்கவும் தளர்த்தவும் வசதியுள்ள 'அட்ஜஸ்ட்' ஷாக் அப்சார்பரை மெட்ராஸிலிருந்து வரவழைக்கப் போவதாகப் பாயிடம் பீற்றினேன். விலை, இரண்டு மாதச் சம்பளம்.

"பின்னாடி உக்காரு சார்" என்று டம்ளரை என்னிடம் கொடுத்து அவரே ஓட்டினார். ரயில்வே கேட்டில் என் தலை கூரையில் இடித்தது. டீ என் சட்டையில்.

"நாலு வருசத்துல ஒரு நாளாவது பின்னாடி உக்காந்தியா?"

"இல்ல பாய்."

"உனக்கு முன்னாடி வண்டிய வச்சிருந்தவன் தோல் மூட்டை ஏத்தறதுக்கு ஸ்பிரிங்குல ரெண்டு இரும்புப் பட்டை ஜாஸ்தி போட்டுக்கிறான், கல்லு மாதிரி இருக்குது. நீ அதுல டீச்சருங்கள ஏத்தறே!"

இரண்டையும் கழற்றிக் கொடுத்தார். "லோடு ஏத்துனா மாட்டிக்கோ. இதுவும் அட்ஜஸ்ட்தான்."

புது டீயோடு மறுபடி கேட்டைத் தாண்டினோம். டீ சிந்தவில்லை. சந்தோஷத்தில் கைதட்டப் போய் நானே சிந்திக்கொண்டேன்.

அடுத்த வாரம் பாய் வழியில் எங்கள் வண்டியை நிறுத்தினார். பின் ஜன்னலில் குனிந்து, "எப்படிம்மா இருக்குது?" என்றார்.

"பள்ளிகொண்டா வர்றதுக்குள்ளயே தூங்கிட்டேன் பாய்" என்றாள் என் மனைவி.

முகமெல்லாம் சிரிப்பாகப் போய்விட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தனை மரியாதையாக யாரும் என்னை அலட்சியம் செய்ததில்லை.