சொந்தக்காரர் இல்லாத ஊர்

ஜெர்மனியின் டோர்ட்மண்டில் வாழும் விஜயரத்தினம் ஐரோப்பாவையே சுற்றி வந்தவர். பாரிஸ் என்றால் அவருக்கு மைத்துனர் வீட்டுச் சமையலறை. லண்டன் என்றால் சித்தப்பா மகன் வீட்டு மேல்மாடி. சூரிச், சொந்தத்தில் ஒரு பெண்பிள்ளை பெரியவளானதற்குச் செய்த சாமத்தியவீட்டு மண்டபம். ஈஃபில் கோபுரத்தை ஒரே ஒருமுறை கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார். அதுவும் மைத்துனர் பாதை மாறி ஓட்டியதால்.

ஆகவே, அவர் பாண் சுடும் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மகள் மிதுசா ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்குக்கு இரண்டு விமானச்சீட்டு எடுத்துக் கொடுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"அங்க ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அப்பா. நீங்களும் அம்மாவும் ஹொட்டேல்ல நிண்டு ஊரைப் பாத்திட்டு வாங்கோ."

"ஒருத்தரும் இல்லாத ஊரில என்னத்தைப் பாக்கிறது?"

அவர் நம்பவில்லை. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் போன் போட்டு விசாரித்தார். டுசல்டோர்ஃப் ஞானசுந்தரம் மட்டும் ஒரு தகவல் வைத்திருந்தார். "ஒருத்தன் போனவன் எண்டு கேள்வி அண்ணை. குளிர் தாங்கேலாமல் கனடாவுக்கு ஓடீட்டானாம்."

புறப்படும்போது பெட்டியில் தட்டையும் உறைப்புமான மொறுமொறு பருத்தித்துறை வடையும் பயத்தம் பணியாரமும் ஏறின. மனைவி கலாதேவி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இதெல்லாம் ஆருக்குக் குடுக்கப் போறியள்?"

"வெறுங்கையோட ஒரு ஊருக்குள்ள போகேலாது. எடுத்து வையும்."

ரெய்க்யவிக் சின்ன ஊர். தகரக்கூரை வீடுகள் சிவப்பும் நீலமும் பச்சையுமாக நின்றன. கலாதேவி படம் எடுத்தாள். விஜயரத்தினம் முகங்களைப் பார்த்தார். கடைத்தெருவில் கறுத்த முடியோடு ஒருவர் போவதைக் கண்டதும் ஓடிப்போய்த் தோளைத் தொட்டார். "தம்பி, எந்த இடம்?" அவர் பெரு நாட்டுக்காரர். மரியாதையாகச் சிரித்துவிட்டு வேகமாக நடந்தார்.

மறுநாள் கலாதேவி நீர்வீழ்ச்சி பார்க்கும் பஸ்ஸில் ஏறினாள். இவர் ஏறவில்லை. "தண்ணி மேலயிருந்து கீழ விழும். வேற என்னத்தைச் செய்யும்?" ஹொட்டேல் பெண்ணிடம், இந்த ஊர்ச் சனம் எங்கே கூடிக் கதைக்கும் என்று ஜெர்மனில் கேட்டார். அவள் அடுத்த தெரு நீச்சல் குளத்தைக் காட்டினாள்.

அங்கே குளிக்கும் இடத்தில் ஒரு படம் தொங்கியது. குளத்தில் இறங்குவதற்கு முன் உடுப்பில்லாமல் எங்கெங்கே சோப்புப் போட வேண்டும் என்று அதில் சிவப்புப் புள்ளிகள். விஜயரத்தினம் இடுப்புச் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு குழாயின் கீழே நின்றார். காவலாளி வந்து சாரத்தைச் சுட்டினார்.

"ஏலாது," என்றார் இவர், தமிழிலேயே.

"நெய்," என்றார் காவலாளி.

"நெய்யோ? சோப்பெண்டுதானே போட்டிருக்கு?"

பக்கத்துக் குழாயில் பிறந்த மேனியாக நின்ற ஒரு நெடிய கிழவர் ஜெர்மனில் குறுக்கிட்டார். "எங்கள் மொழியில் 'நெய்' என்றால் 'இல்லை'. சுவரைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். உங்களைப் பார்க்க இங்கே யாருக்கும் ஆசையில்லை."

விஜயரத்தினம் முருகனை நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

கிழவரின் பெயர் ஹால்டோர். மீன்பிடிக் கப்பலில் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்துக்குப் போய்வந்த காலத்தில் ஜெர்மன் பழகியவர். இருவரும் வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்ந்ததும் விஜயரத்தினம் வழக்கமான விசாரணையைத் தொடங்கினார். குடும்பப் பெயர் என்ன?

"எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் ஜோன். அதனால் நான் ஜோன்சன். என் மகள் ஜோன்சன் இல்லை, ஹால்டோரின் மகள்."

விஜயரத்தினம் தண்ணீரிலிருந்து பாதி எழுந்துவிட்டார். இதைத்தானே அவர் இத்தனை காலமாக ஜெர்மன் அரசாங்கக் கந்தோர்களில் விளக்கிக் களைத்தது! அங்கே அவருடைய தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள். பல்லே இல்லாமல் செத்துப்போன தகப்பன் ஐயாத்துரையைத்தான் இன்றும் பல் வைத்தியர் உள்ளே கூப்பிடுகிறார்.

அதைக் கேட்டு ஹால்டோர் தொட்டியே அதிரச் சிரித்தார். எதிரே இருந்த அம்மாவைக் காட்டி, "சின்ன நாடு. தேடிப் பார்த்தால் எல்லோரும் உறவுதான். இவள் என் கசின்," என்றார்.

"கசின் எண்டா? தாய்வழியோ, தகப்பன்வழியோ?"

"என் அம்மாவின் அண்ணன் மகள்."

"அப்ப மச்சாள்! கட்டுற முறை!"

ஹால்டோர் அதை மொழிபெயர்த்ததும் அந்த அம்மா ஹால்டோரின் முகத்தில் தண்ணீரை அடித்தாள். பிறகு தொட்டியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக நெருங்கி வந்தார்கள். அப்பாவின் தம்பி மகன் யார், அம்மாவின் தங்கை மகள் யார் என்று கேட்டார்கள். விஜயரத்தினம் விரல் மடித்து, அண்ணன், தங்கச்சி, மச்சான் என்று பிரித்துக்கொடுத்தார். அவருடைய விரல் நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிப்போயிற்று. இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்து பல வருடமாகிறது.

பின்னேரம் நனைந்த கோழிபோல ஹொட்டேலுக்குத் திரும்பிய கலாதேவி போன் எடுத்தாள்.

"எங்க நிக்கிறியள்?"

"ஒரு வீட்டை."

"ஆற்ற வீட்டை?"

"ஹால்டோர் வீட்டை. ரோட்டின்ர கடைசியில பச்சைக் கூரை. வாரும், கருவாடு இருக்கு."

உண்மைதான். காய்ந்த மீனைப் பிய்த்து, வெண்ணெய் பூசி நீட்டினாள் ஹால்டோரின் மனைவி குட்ரூன். கருவாடு பொரித்தால் டோர்ட்மண்டில் பக்கத்து வீட்டுக்காரி பொலிஸுக்கே சொல்லப் பார்ப்பாள். இங்கே அதை விருந்தாளிக்கு வைக்கிறார்கள்! பதிலுக்கு, ஹொட்டேல் பெட்டியிலிருந்து வந்த வடையைக் கடித்த ஹால்டோர் கண்ணீர் வழிய, நல்ல கப்பல் பிஸ்கட் என்று பாராட்டினார். கலாதேவி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு குட்ரூனோடு சமையலறைக்குள் போனாள்.

அடுத்த கோடையில் ஹால்டோரும் குட்ரூனும் டோர்ட்மண்டுக்கு வந்தார்கள். அருகிலுள்ள ஊன்ட்றொப் காமாட்சி அம்பாள் கோயில் தேர் அன்று ஹால்டோர் மேற்சட்டை இல்லாமல், வேட்டிமேல் பெல்ட் கட்டி, வடம் பிடித்தார். அரை மணித்தியாலத்தில் முதுகு இறால்போலச் சிவந்துவிட்டது. குட்ரூனும் கலாதேவியும் களிம்பு தேடி ஓடினார்கள்.

கூட்டத்துக்குள் இருந்து, விஜயரத்தினத்தின் தூரத்து உறவான சுகன்யாதேவி அக்கா வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆர் தம்பி இந்த வெள்ளை?"

"எங்கட ஆள் அக்கா. ஐஸ்லாந்து."

"அப்பிடியோ. எந்தப் பக்கத்தால சொந்தம்?"

விஜயரத்தினம் சுற்றுமுற்றும் பார்த்தார். கலாதேவி இன்னும் வரவில்லை.

"மனிசி பக்கத்தால," என்றார்.