ஒற்றை டிக்

செராமிக் கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்து நின்றுவிட்ட பெண்கள் எட்டுப் பேர், ஞாயிற்றுக்கிழமை மதியம் மூடிக்கிடக்கும் பேக்கிங் ஷெட்டில் கூடுவோம். போன் பழகத்தான். வாத்தியார் கிடையாது. வாரத்தில் யார் புதிதாக ஒன்று கற்று வருகிறாளோ, அவள் மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். தப்பாக அமுக்கினால் திட்டு விழும். கம்பெனியில் பீங்கான் பியூஸ் கட்டை அச்சடிக்கப் பழகியதும் அப்படித்தான்.

அந்த வாரம் என் முறை. மெசேஜ் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது பாடம். ரீசார்ஜ் கடையில் கேட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

எங்களில் மூத்தவளுக்கு ஒரே மகன். குஜராத்தில் டைல்ஸ் கம்பெனியில் இருக்கிறான். வேலை நேரத்தில் திட்டு வாங்குவான் என்று அவள் கூப்பிடமாட்டாள். தினமும் காலையில் பூப்படம் அனுப்புவாள். "எம்புள்ள அதப் பாத்துட்டுத்தான் ஷிப்டுக்கே போவான்" என்பாள்.

பொங்கலுக்கு என் மகள் வரவில்லை. "பெத்தவள எட்டிப் பாக்காதது என்னா பொண்ணு" என்று எல்லோர் முன்னாலும் மூத்தவள் கேட்டாள். அது எனக்குள் இருந்தது.

பாடம் காட்ட அவள் போனை எடுத்தேன். பூட்டியிருந்தது. எங்கள் எல்லோருக்கும் பூட்டு நம்பர் பழைய கம்பெனி டோக்கன் நம்பர்தான், முன்னால் ஒரு சைபர். வேறு நம்பர் மனசில் நிற்காது. கேட்டில் தினமும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஒருத்தி டோக்கன் இன்னொருத்திக்கு மனப்பாடம். திறந்துவிட்டேன்.

"ஏண்டி, கேக்கமாட்டியா?"

"பாடத்துக்குத்தான் யக்கா."

மகனுக்கு அனுப்பியதெல்லாம் வந்தது. பூவாக இருந்தது. ஒவ்வொன்றின் கீழும் ஒரே டிக். தீபாவளியிலிருந்து அப்படி. எல்லோருக்கும் திருப்பிக் காட்டினேன்.

"ரெண்டு டிக்குன்னா போயிடுச்சு. ஒண்ணுன்னா போவல."

"ஒண்ணுகூடவா போவல?" என்றாள் மூத்தவள்.

"ஒண்ணுகூட."

பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். "அப்ப கண்ணக் கட்டிக்கினுதான் ஷிப்டுக்குப் போறான் போல."

"பிளாக் பண்ணிட்டான் யக்கா. நீ வாணான்னுட்டான்" என்றாள் இன்னொருத்தி. ஷெட் முழுக்கச் சிரிப்பு.

மூத்தவள் என்னையே பார்த்தாள். "நெசமாடி? வேற எதுனா இருக்குமா?"

இருக்கும். போன் தொலைந்திருக்கலாம். நம்பர் மாற்றியிருக்கலாம். கடைக்காரர் அதையும் சொல்லித்தான் அனுப்பினார்.

"வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அவன் நம்பர எப்படி அழிக்கறது? அதச் சொல்லிக்குடு."

காட்டினேன். நம்பரை அழித்தாள். படங்களையும் அழித்தாள். ஒரு இடத்திலும் தப்பாக அமுக்கவில்லை.

சிரித்தவளே கேட்டாள். "வேற எங்கனா எழுதி வச்சிருக்கியா யக்கா?"

"இல்ல."

புடவையைத் தட்டிவிட்டு எழுந்தாள். "போயிட்டு வரேன்" என்றாள். அதன் பிறகு ஷெட்டுக்கு வரவேயில்லை.

நம்பர் மாற்றியிருந்தால் அவன் புது நம்பரிலிருந்துதான் கூப்பிட்டிருப்பான். தெரியாத நம்பர் வந்தால் கட் பண்ணிவிடு என்பதுதான் நாங்கள் அவளுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம்.