ஆயுத பூஜைக்கு நிறுத்திய பம்ப்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், மாத்திரைகளின் தரம் பார்க்கும் லேபில் எனக்கு அடுத்த மேஜை அவளுடையது. அவளுக்கு முதல் கரு கலைந்தபோது டாக்டர் காரணம் எதுவும் சொல்லவில்லை. சோதனைக்கு நாங்கள் தினமும் ஊற்றும் அசிட்டோநைட்ரைல் என்ற நெடியடிக்கும் திரவம்தான் காரணம் என்று அவளாகவே முடிவு கட்டிவிட்டாள். இரண்டாவது தங்கியதும் என்னிடம் வந்து நின்றாள்.

“இந்த வாட்டியும் போச்சுன்னா நான் இன்னாக்கா பண்ணுவேன்?”

வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்டோம். மேனேஜர் கையை விரித்துவிட்டார். எனக்கு வந்ததே ஆத்திரம். அந்தக் கருமத்தையே லேபிலிருந்து ஒழித்துக்கட்டுகிறேன் என்று, அவ்வளவு கெடுதல் இல்லாத எத்தனாலும் உப்புக் கரைசலும் கலந்து அதே சோதனையைச் செய்யப் பார்த்தேன். மருந்தைப் பிரிக்கும் எஃகுக் குழாய் ஒன்றே ஒன்று கொடுத்தார்கள். அது கெட்டால் பழைய முறைதான் என்றார் மேனேஜர். குழாய்க்குள் கரைசலைத் தள்ளும் பம்ப் திணறியது, நானும் திணறினேன். குழாயைச் சூடாக்கிப் பார்த்தபோது ஒருவழியாக மருந்து தனியாகவும் கழிவு தனியாகவும் பிரிந்து வந்தன. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஆயுத பூஜையன்று எந்த மிஷினும் ஓடக்கூடாது. என் மிஷினை நிறுத்துமுன் தண்ணீர் விட்டு உப்பை அலச வேண்டும். பழைய முறையில் உப்பே கிடையாது, பட்டென்று நிறுத்தலாம். நான் பொரி வாங்கப் போன நேரத்தில், அந்தப் பழக்கத்தில் அவள் பம்பை நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அலசிவிட்டிருப்பாள் என்று நினைத்து நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.

விடுமுறை முடிந்து வந்து பம்பைப் போட்டால், அழுத்தம் ஏறி மிஷின் தானாக நின்றது. குழாய்க்குள் உப்பு உறைந்து அடைத்திருந்தது. வெந்நீர் விட்டேன், குழாயைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டேன், சாமியைத் திட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலமே பழைய அசிட்டோநைட்ரைல் பாட்டில் மேஜைக்கு வந்துவிட்டது.

“இன்னாச்சுக்கா? அதுக்குன்னு தனியா வேண்டிக்கினேனே.”

குழாய் பழசு என்று பொய் சொன்னேன். அவள் துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டு பாட்டிலுக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை, தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு நானே ஊற்றினேன். மூடியைத் திறந்ததும் அந்த வாசனை அவள் மேஜைக்கும்தான் போனது.