மலைக்கு முறை தெரியாது

துலுக்காணத்தை யாராவது கூப்பிட்டால், கூப்பிடுகிறவர் வாயை மூடுவதற்குள் அவன் திரும்பிவிடுவான். புத்தூர்ச் சந்தையில் எவனோ எவனையோ கூப்பிட்டால்கூட, தலையில் விறகுக் கட்டோடு நின்று, "இன்னா? யாரு?" என்று சுற்றுமுற்றும் பார்ப்பான். ஊர்ப் பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு. வேலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒருத்தன் கூப்பிட, அவன் திரும்ப, இன்னொருத்தன் எதிர்ப்பக்கத்திலிருந்து கூப்பிடுவான். பெரியவர்கள் அதட்டுவார்கள். அதட்டிவிட்டு அவர்களும் சிரிப்பார்கள்.

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவே, மலையடிவாரத்தில் அவர்கள் குடியிருப்பு. நாற்பது குடிசைகள், யாருக்கும் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. மலைதான் சோறு போட்டது. விறகு, தேன், புளி, சீதாப்பழம், இன்னது என்று இல்லை. அந்த மலையின் உச்சியில் ஒரு பாழடைந்த கோட்டை இருக்கிறது. எந்த ராஜா கட்டினான் என்று யாருக்கும் தெரியாது. ஊர்க்காரர்கள் துர்க்கம் என்பார்கள், அவ்வளவுதான். பட்டணத்துக்காரர்கள் சில சமயம் அதைப் பார்க்க வருவார்கள். ஏற ஒரு நாள், சுற்றிப் பார்க்க ஒரு நாள், இறங்க ஒரு நாள். வழி காட்டத் துலுக்காணம் போவான். சுமை தூக்க அவன் தங்கை புருஷன் முனியப்பன் போவான்.

முனியப்பன் தங்கை புருஷன் ஆவதற்கு முன்பே சிநேகிதன். துலுக்காணத்தின் தாய் தகப்பன் ஒரே வாரத்தில் காலராவில் போனபோது, தங்கை செல்லியம்மா இடுப்புக் குழந்தை. அவன்தான் அவளைத் தூக்கி வளர்த்தான். பெரியவளானதும், ஊரெல்லாம் அலசிப் பார்க்காமல் பக்கத்திலேயே இருந்த சிநேகிதனுக்குக் கட்டிக்கொடுத்தான். துலுக்காணத்துக்கு வாய்த்தவள் முதல் பிரசவத்திலேயே கண்ணை மூடிவிட்டாள். அதன்பின் அவனுக்கு வீடு என்றால் தங்கை வீடுதான். இரண்டு குடிசைக்கும் ஒரே சுவர்.

ஐம்பத்து மூன்றில் ஆந்திர ராஜ்யம் பிறந்தது. சித்தூர் ஜில்லா மொத்தமும் அதற்குள் போயிற்று. தமிழ் பேசுகிற ஊர்களில் கூட்டமும் கொடியும் ஊர்வலமுமாகக் கிடந்தது. துலுக்காணம் நகரிக்கு நடந்தே போய், தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டு வந்தான். அதே வாரம் காட்டுக் கான்ட்ராக்டர், ஆந்திராவிலேயே இருக்க விருப்பம் என்று எழுதிய காகிதத்தை நீட்ட, முனியப்பன் பெருவிரலை வைத்துவிட்டான். வைக்காவிட்டால் மறுநாள் கூலி இல்லை.

டீக்கடையில் பத்துப் பேர் நடுவில் வைத்துத் துலுக்காணம் கேட்டான்: "சோத்துக்கு மொழிய வித்தவன் தானே நீ?"

முனியப்பன் கண்ணாடி கிளாஸைக் கீழே வைத்தான். "உன் மொழி எனக்கு ஒரு வேளை கஞ்சி ஊத்திச்சா மச்சான்? எந்த சர்க்கார் வந்தாலும் வெறகு நம்ம தலையிலதான்."

அவன் மச்சான் என்று சொன்னது அதுதான் கடைசி. பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. கமிஷன் வந்தது, போனது, எல்லைக்கோடு காகிதத்தில் அப்படியும் இப்படியும் நகர்ந்தது. இந்தச் சுவர் மட்டும் நகரவில்லை. ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் புருஷன், இடையில் செல்லியம்மா மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கினாள்.

மூன்றாம் வருஷம் மார்கழியில் திருப்பதியிலிருந்து நாகபூஷணம் என்கிற காலேஜ் வாத்தியார் வந்தார். வீட்டில் தெலுங்கு, வெளியில் நல்ல தமிழ். கூட இரண்டு மாணவர்கள். துர்க்கத்துக்குப் போகவேண்டும், வழிகாட்ட ஆள் வேண்டும் என்றார். துலுக்காணம் ஒப்புக்கொண்டான். சுமைக்கு வேறு ஆள் தேடியபோது செல்லியம்மா வந்து எதிரே நின்றாள்.

"ண்ணா, அவரையே கூட்டிக்கினு போ."

"அவனயா? வேற ஆளே கெடைக்கலியா?"

"மூணு நாளு மலைமேல. பேசாம எப்டி இருப்பீங்க? போய்ட்டு பேசிக்கினே எறங்கி வாங்க. எனக்கு வேற ஒண்ணும் வாணாம்."

அவள் கேட்டு அவன் எதையும் இல்லை என்றதில்லை. சரி என்றான்.

முதல் நாள் ஏற்றத்தில் வாத்தியார் பின்னாலிருந்து, "ஏய் துலுக்காணம், கொஞ்சம் நில்லய்யா!" என்று கத்தினார். துலுக்காணம் பதறிப்போய் ஓடிவந்தான்.

"மலை ஏறிட்டா பேரு சொல்லாதீங்க சார். மலை கேட்டு வெச்சிக்கும். அப்பால அது கூப்பிடும், நாம அது பின்னாலயே போய்ட்டு பள்ளத்துல வுழுவோம். பேரு சொல்லி எது கூப்பிட்டாலும் மூணாந்தரம் கூப்பிடற வரைக்கும் திரும்பக் கூடாது. மலைக்கு ரெண்டு தரத்துக்கு மேல வாய் வராது."

"அப்போ எப்படித்தான் கூப்பிடறது?"

"மொறை வெச்சி கூப்பிடணும். அண்ணே, மாமா, மச்சான், எதுனா. மலைக்கு மொறை தெரியாது. மொறை சொல்லிக் கூப்பிட்டா அது மனுசன்தான். மொத கொரலுக்கே ஓடலாம்."

"எனக்கு நீ என்ன முறை?"

துலுக்காணம் தலையைச் சொறிந்தான். "சார்னு ஒரு மொறை கீதே சார்" என்றான். மாணவர்கள் சிரித்தார்கள். பின்னால் அரிசி மூட்டையோடு வந்த முனியப்பனும் சிரித்ததைத் துலுக்காணம் பார்த்தான். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தான்.

இரண்டு பேரும் சண்டையில் இருப்பது வாத்தியாருக்குச் சீக்கிரமே புரிந்தது. "சார், பானைய அந்தாண்ட வெக்கச் சொல்லுங்க" என்பான் துலுக்காணம். பானையோடு முனியப்பன் நாலடி தள்ளித்தான் நிற்பான். "சார், அந்தாண்ட வெச்சா காத்து அடிக்கும்னு சொல்லுங்க" என்பான் அவன். "நான் கோட்டையைப் பார்க்க வந்தேனா, உங்களுக்குத் தபால்காரனாக வந்தேனா?" என்று வாத்தியார் அலுத்துக்கொண்டார்.

மறுநாள் துர்க்கம். மதில் பாதி நின்றது, பாதி பள்ளத்தில் கிடந்தது. சாமி இல்லாத ஒரு மண்டபம், பாசி பிடித்த ஒரு குளம், தானியம் கொட்டிவைத்த அறைகளில் வௌவால். வாத்தியார் கல் கல்லாகத் தடவிப் பார்த்தார். ராஜாவும் சேனையும் எல்லையும் என்று இருந்த இடத்தில் இப்போது கருங்குரங்கு குடித்தனம் செய்தது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார்கள். முனியப்பன் தன் துணிமுடிச்சை அவிழ்த்து, செல்லியம்மா சுட்டுக் கொடுத்த கருவாட்டில் பெரிய துண்டை எடுத்து, ஒன்றும் சொல்லாமல் துலுக்காணத்தின் இலையில் வைத்தான். துலுக்காணம் அதை எடுத்துத் தின்றான். டேய், போதும்டா, என்று சொல்ல வாயெடுத்தான். அவனே முதலில் பேசட்டும் என்று வாயை மூடிக்கொண்டான். தப்புச் செய்தவன் அவன், விரல் வைத்தவன் அவன். நான் ஏன் முதலில் இறங்கவேண்டும்?

மூன்றாம் நாள் காலை பனி. பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. கோட்டை வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் இறங்கியதும் வாத்தியார் சட்டைப்பையைத் தடவினார். மூக்குக்கண்ணாடி மண்டபத்திலேயே தங்கிவிட்டது. முனியப்பன் மூட்டையை இறக்கி வைத்தான். "நீங்க நடந்துக்கினு இருங்க சார், நான் எடுத்துக்கினு வந்துடறேன்" என்று ஏறிப் போனான். மற்றவர்கள் மெதுவாக இறங்கினார்கள்.

அப்போதுதான் குரல் கேட்டது.

"மச்சான்!"

துலுக்காணம் நின்றான். அந்த மலையில் அன்றைக்கு அவனை அப்படிக் கூப்பிட ஒரே ஒரு வாய்தான் இருந்தது. மூன்று வருஷமாகக் காதில் விழாத சொல். அவனுக்கு முதலில் வந்தது சந்தோஷம். வரவில்லை என்று சொன்னால் பொய். சந்தோஷத்தின் பின்னாலேயே மற்றதும் வந்தது. வந்தியா வழிக்கு? டீக்கடையில் எனக்குப் பதில் சொன்னாயே, இப்போது நீயாகவே கூப்பிடுகிறாயா? கூப்பிடு, இன்னொரு தரம் கூப்பிடு.

"மச்சா...ன்..."

இரண்டாவது குரல் கொஞ்சம் கம்மலாக வந்தது. பனியில் குரல் அப்படித்தான் வரும் என்று நினைத்தான்.

வாத்தியார் காதைத் தீட்டினார். "யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கே. வார்த்தை சரியாக விழவில்லை. என்னவாம்?"

"மலைங்க சார்" என்றான் துலுக்காணம். "திரும்பக் கூடாது."

ஒரு பாறையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தான். மூன்றாந்தரம் கூப்பிடட்டும், எழுந்து போகிறேன், போய்த் தோளில் கை போடுகிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். பீடி முடிந்தது. மூன்றாவது குரல் வரவில்லை. ரோஷம் வந்துவிட்டது போல, மறுபடி முறுக்கிக்கொண்டான் போல என்று எரிச்சலோடு எழுந்து, மற்றவர்களைச் சுனைவரை இறக்கிவிட்டான். அங்கே காத்திருந்தார்கள். பனி விலகி வெயில் வந்தது. முனியப்பன் வரவில்லை. அப்புறம்தான் துலுக்காணம் ஓடினான்.

கோட்டை வாசலுக்குக் கீழே படி சரிந்திருந்தது. முனியப்பன் பள்ளத்தில் கிடந்தான். மார்மேல் ஒரு மதில் கல். உடம்பில் இன்னும் சூடு இருந்தது, உயிர்தான் இல்லை. மடியில் வாத்தியாரின் கண்ணாடி உடையாமல் இருந்தது. துலுக்காணம் கல்லைப் புரட்டிவிட்டு அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "டேய் மச்சான், டேய் மச்சான்" என்று எத்தனையோ தரம் கூப்பிட்டான்.

கட்டிலில் போட்டுத் தூக்கிவந்தார்கள். போலீஸ்காரர் கேட்டார், ஊர் கேட்டது. கூப்பிட்டது கேட்டதா என்று எல்லோரும் கேட்டார்கள். துலுக்காணம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "கேட்டுது. பேரு சொல்லி ரெண்டு தரம் கூப்பிட்டுது. மூணாந்தரம் கூப்பிடல."

அதற்குமேல் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேர் சொல்லி இரண்டு தரம் என்றால் யார்தான் திரும்புவார்கள்? நீ செய்தது சரிதான் என்று தோளைத் தட்டினார்கள். செல்லியம்மா பிணத்தின்மேல் விழுந்து மாரில் அடித்துக்கொண்டாள். "மூணாந்தரம் கூப்பிட்டிருக்கக் கூடாதா பாவி மனுசா! எங்கண்ணன் ஓடியாந்திருக்குமே! பயத்துல பேரு சொல்லிட்டியே!" என்று செத்தவனைத் திட்டினாள். துலுக்காணம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதன்பின் அவன் மலைக்கு யாரையும் கூட்டிப்போகவில்லை. இரண்டு குடிசைக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்தான். தங்கைக்கு வேளாவேளைக்கு அரிசியோ கேழ்வரகோ கொண்டுவந்து போட்டான். "அண்ணன்னா இப்டி இருக்கணும்" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அவர்கள் பேசப்பேச அவன் சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்கே திரும்புகிற வியாதி அப்போதுதான் பிடித்தது.

அறுபதில் எல்லைக்கோடு ஒருவழியாக நின்றது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் போயிற்று. இவர்கள் ஊர் இருந்த இடத்திலேயே ஆந்திராவில் இருந்தது. துலுக்காணம் கூட்டத்துக்கும் போகவில்லை, கொடியையும் பார்க்கவில்லை. மறுநாள் காலை விறகு அவன் தலையில்தான் இருந்தது.

அந்த வருஷம் சித்திரையில் பெண்கள் விறகுக்கு மலையேறினார்கள். புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தி, பின்தங்கிப்போனவளை, "தாட்சாயணி!" என்று கூவினாள். நாலைந்து பேர் அவள் வாயைப் பொத்தினார்கள். "மலையில பேரு சொல்றியே, எந்த ஊரு பொண்ணு நீ? எங்க ஊருல கொழந்தகூட சொல்லாது." எல்லோரும் சிரித்துவிட்டு நடந்தார்கள். செல்லியம்மா மட்டும் நடக்கவில்லை. தலையில் கட்டோடு அப்படியே நின்றாள். அப்புறம் கட்டை இறக்கிப் போட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தாள்.

துலுக்காணம் வாசலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தான்.

"ண்ணா."

"இன்னாம்மா?" என்றான், உடனே.

"அவரு இன்னான்னு கூப்பிட்டாரு?"

கயிறு நின்றது. "அதான் சொன்னேனே. பேரு சொல்லி."

"மலையிலயா? என் கால்ல முள்ளு ஏறி ரத்தம் ஊத்தும்போதுகூட 'தே, நில்லுடி'ன்னுதான் கூப்பிட்டாரு. ஒரு நாளும் பேரு சொன்னதில்ல. சாவுற வாயிலயா பேரு வந்துச்சி?"

பயத்தில் வந்திருக்கும் என்று சொல்லலாம். அவளே சொன்ன பதில்தான், நாலு வருஷமாக நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் நம்பியும் இருப்பாள். நம்பத்தான் வந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவனால் சொல்ல முடியவில்லை.

"மச்சான்னு கூப்பிட்டான்" என்றான். "ரெண்டு தரமும்."

செல்லியம்மா அழவில்லை. சுவர் இருந்த இடத்தில் தரையில் தெரிந்த தடத்தைப் பார்த்தாள்.

"பேசட்டும்னுதான் அனுப்பிச்சேன்" என்றாள். "அவரு பேசிட்டாரு."

உள்ளே போய்க் கஞ்சி ஊற்றிவந்து அவன் எதிரே வைத்தாள். அடுத்த நாளும் வைத்தாள். கடைசிவரை ஒரு வேளை தவறவில்லை. துணி துவைத்துப் போட்டாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அண்ணா என்று மட்டும் கூப்பிடவில்லை. பேர் சொல்லியும் இல்லை, முறை சொல்லியும் இல்லை. சோறு ஆறினால், "சோறு ஆறுது" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வாள்.

சந்தையில் எவள் யாரைக் கூப்பிட்டாலும் துலுக்காணம் திரும்பிப் பார்ப்பது பிள்ளைகளுக்கு வேடிக்கை. ஒரே வீட்டில் இருக்கிற குரலை அவன் சந்தையில் தேடுகிறான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?