விதைக்கு வைத்த நட்சத்திரங்கள்

நார்வேயில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் குழாயைத் திறந்தால் கடல் வருகிறது. ஒரு குழாயில் நல்ல தண்ணீர், பக்கத்துக் குழாயில் உப்புத் தண்ணீர். வந்து இரண்டு வருடமாகியும் வாரத்துக்கு ஒரு முறையாவது மாற்றித் திறந்துவிட்டு, வாயில் வைத்ததும் துப்புகிறேன். கொடைக்கானல் மலையில், பூம்பாறையில் பிறந்தவளுக்குத் தண்ணீர் என்றால் மலையிலிருந்து இறங்கி வருவது. கடலைக் குழாயில் பிடிப்பதெல்லாம் கொஞ்சம் அதிகப்படிதான்.

அந்தக் கடல் தண்ணீர்த் தொட்டிகளில் பிரிட்டில் ஸ்டார் வளர்க்கிறோம். நட்சத்திர மீனுக்குச் சொந்தம். சின்ன உடம்பு, பாம்புபோல் நெளியும் ஐந்து கைகள். ஒரு கை போனால் புதிதாக முளைக்கும். அப்போது எந்த மரபணு எந்த நாளில் விழிக்கிறது என்று அதன் மரபணுத் தொகுதியில் தேடுவது என் வேலை. ஊரை விட்டு வந்தவர்களுக்கு இதைவிட நல்ல உவமை உண்டா என்று நண்பர்கள் உருகுவார்கள். உருக வேண்டாம். எங்கள் தொட்டியில் வெட்டிய கை எதுவும் இன்னொரு நட்சத்திரமாவதில்லை. கொஞ்ச நாள் துடித்துவிட்டுச் செத்துப்போகும்.

போன அக்டோபரில் என் மூன்று மாத உழைப்பு பாழானது. கணினியில் முடிவுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. காரணம் தேடிப் பேராசிரியர் சிக்ரித் தொட்டிகளைப் பார்க்க வந்தார். ஓரத்துத் தொட்டியில் பழுதில்லாத பெரிய நட்சத்திரங்கள் இருபது, சொகுசாக உட்கார்ந்திருந்தன. நான் சோதனைக்கு எடுத்ததெல்லாம் ஏற்கெனவே கை இழந்து ஒருமுறை முளைத்தவை. பழைய முளைப்பும் புது முளைப்பும் கலந்துவிட்டால் எந்த மரபணு எதற்கு விழித்தது என்று யார் சொல்வது?

“இவற்றை வெட்டப் பாவமாக இருந்ததா?” என்று கேட்டார்.

“இல்லை. எங்கள் ஊரில் பூண்டை இப்படித்தான்...”

“பூண்டா? இவற்றுக்குப் பூண்டா போட்டாய்?” பதறிப்போய்த் தொட்டித் தண்ணீரை முகர்ந்து பார்த்தார்.

எங்கள் வீட்டில் பெரிய பூண்டெல்லாம் விதைக்குப் போகும். அதைத் தொட்டால் அம்மா கையை ஒடித்துவிடுவார். சொத்தையும் சில்லறையும்தான் குழம்புக்கு. கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் படித்த நான் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் செய்தது இந்தத் தரம் பிரிக்கும் வேலைதான். இங்கேயும் என் கை யோசிக்காமல் அதையே செய்திருக்கிறது. இவ்வளவு படித்தும் இப்படியா என்று கூச்சமாக இருந்தது.

மார்ச்சில் என் ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் சரியான முடிவு காட்டாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பொங்கலுக்கு வர முடியாது என்று சொல்ல மதினியைக் கூப்பிட்டேன். அண்ணன் லாரியோடு அலைவதால் நிலத்தைப் பார்ப்பவர் அவர்தான். நடந்ததைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

“ஏம்மா செல்வி, விதைப்பூண்ட எடுத்து வைக்கிறது கும்புடவா? உக்காந்து பல்லுப் பல்லாப் பிரிச்சு ஊன்னாத்தான மொளைக்கும்? நல்லதாப் பாத்துத்தான் மொதல்ல ஒடைக்கணும்.”

“அது எனக்குத் தெரியாது மதினி.”

“எப்பிடித் தெரியும்? ஊன்றப்ப நீ ஆஸ்டல்ல இருப்ப. இங்க பாதிப் பூண்டு பிரிக்காமக் கெடக்கு. நான் என் சோலியப் பாக்குறேன், நீ வெரசா உன் சோலியப் பாரு.”

வலித்தது. ஊர் வழக்கம் என்று நான் கடல் தாண்டிக் கொண்டுவந்தது பாதிதான். ஆனால் மீதியைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. சிக்ரித்திடம் போய், “ஐந்து மாதம் இருக்கிறது. முதலிலிருந்து செய்கிறேன்” என்றேன். “சரி. பூண்டு மட்டும் வேண்டாம்” என்றார்.

மறுநாள் விடிந்ததும் ஓரத்துத் தொட்டியிலிருந்து இருப்பதிலேயே பெரியதை எடுத்து, மயக்கும் நீரில் விட்டு, ஒரு கையை வெட்டினேன். இருபதையும் முடித்து நிமிர்ந்தபோது போனில் மதினி அனுப்பிய படம் வந்திருந்தது. ஊன்றி முடித்த பாத்திகள், மேலே ஈர மண், வேறொன்றும் தெரியவில்லை. இனி முளைத்திருக்கிறதா என்று தினமும் குனிந்து பார்க்க எனக்கு இரண்டு இடம் இருக்கிறது. ஒன்றில்தான் நான் நிற்க முடியும்.