மாமாவின் மணிக்குள் இருந்த எறும்பு

என் மாமாவை ஏமாளி என்று சொன்ன ஒன்பது பேரும் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார்கள். கேட்க ஆளில்லை. ஆனாலும் சொல்லியே தீருவேன்: அவர் ஏமாறவில்லை.

வெள்ளைக்காரன் காலம். உம்மாவின் தம்பியான மாமா ஹஜ்ஜுக்குப் போய்க் கற்பிட்டிக்குத் திரும்பியபோது, திக்ரு ஓதி எண்ண ஓர் அம்பர் தஸ்பீஹ் மாலை வாங்கி வந்தார். மரப்பிசின் இறுகிக் கல்லானதுதான் அம்பர். தேன் நிறத்தில் முப்பத்து மூன்று மணிகள், நானே எண்ணினேன். ஒரு மணிக்குள் மட்டும் ஓர் எறும்பு, ஒரு காலைத் தூக்கியபடி நின்றது.

பார்க்க வந்தவர்கள் முன்னால் வாப்பா சிரித்தார். "மச்சான், அறபி உங்கள நல்லா ஏய்ச்சிட்டான். குங்கிலியத்த உருக்கி, எறும்பப் புடிச்சிப் போட்டு வித்திரிக்கான். நம்மட வளவுல இல்லாத எறும்பா?"

மாமாவின் முகம் கறுத்தது. உள்ளே போய் அம்மிக் குழவியைத் தூக்கி வந்தார். "உடைச்சிப் பாப்பம். பொய்யெண்டா கடல்ல வீசுறன்."

உடைந்தால் முப்பத்திரண்டு. எனக்குப் பொறுக்கவில்லை. தஸ்பீஹைப் பறித்து, அந்த மணியை வாய்க்குள் போட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டேன். மீதி மணிகள் தாடிபோலத் தொங்கின. வாப்பா கன்னத்தை அழுத்தினார். உம்மா மூக்கைப் பிடித்தார். மூச்சு முட்டி வாயைத் திறந்தபோதும் மணியை விடவில்லை, கைக்குள் பொத்திக்கொண்டேன்.

"இதே எறும்பு ஒண்டு புடிச்சிட்டு வாங்க வாப்பா. பொறகு உடைங்க!"

"கொண்டந்தா?"

"நானே உடைக்கிறன்."

வந்தவர்களும் சேர்ந்து வீட்டைச் சுற்றியிருந்த வளவைக் கிளறினார்கள். கட்டெறும்பு வந்தது. சீனிப் போத்தலிலிருந்து சிற்றெறும்பு வந்தது. மாமரத்து முசுறு, வாப்பாவின் விரலைக் கடித்தபடியே வந்தது. மொத்தம் ஏழு வகை. ஒவ்வொன்றையும் மணிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இது இல்ல" என்றேன். என் எறும்பின் தாடை அதன் தலையைவிட நீளம். அப்படி ஒன்று எவரிடமும் இல்லை.

அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் வாப்பா விரலைச் சூப்பிக்கொண்டே எழும்பினார். "இவன்ட கண்ணுக்கு எந்த எறும்பும் சரிவராது." மாமா குழவியை அம்மியில் வைத்தார்.

வென்றுவிட்டேன் என்று துள்ளினேன். ஆனால் வாப்பா விடமாட்டார், கனமூலைப் பக்கத்துக் காட்டில் தேடியாவது ஒன்றைப் பிடித்து வந்துவிடுவார் என்ற பயம் போகவில்லை. பல நாள் வாசலைப் பார்த்தபடியே இருந்தேன். அதைத் தேட உலகின் முதல் மனிதன் பிறக்கும் முன்பே அந்த இனத்தின் கடைசி எறும்பும் செத்துவிட்டது என்று அப்போது எனக்கு யார் சொல்வது?