பதினேழரைக் கழுத்து

காலரைக் கையில் எடுத்ததும் நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவார். டொக்கென்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால், "இது டீயில நனைஞ்ச பிஸ்கட்டு, மேவிஸ்," என்று என் பக்கம் தள்ளிவிடுவார். சத்தம் வந்தால் வெளிச்சத்தில் பிடித்து ஓரம் நைந்திருக்கிறதா என்று பார்ப்பார். உள்பக்கம் குத்தியிருக்கும் அளவைப் படிப்பார். கடைசியில் மோந்தும் பார்ப்பார். ஒரு காலர் வாங்க முக்கால் மணி நேரம். ஹாலிஃபாக்ஸ் சந்தையில் என் பழைய உடுப்புக் கடைக்கு இருபத்தாறு வருஷமாக இப்படித்தான் வந்து என் உயிரை வாங்குகிறார் கிளிஃபோர்டு சக்டன்.

பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாலையில் அவர் வேறு ஆள். கம்பளி வியாபாரிகள் சங்க விருந்துகளில் சிவப்புக் கோட்டு போட்டு வாசலில் நின்று, வருகிறவர் பெயரை மண்டபம் அதிர அறிவிப்பவர். அதற்குக் கஞ்சி போட்டு அட்டையாக நிற்கும் மார்புச் சட்டை வேண்டும். காலர் தனி. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாகப் பித்தளைக் குமிழ் வைத்து அதை மாட்ட வேண்டும். சட்டையோடு சேர்த்துத் தைத்த காலரைக் கண்டால் அவருக்கு ஆகாது. "பைஜாமாவோட சர்ச்சுக்கு வந்த மாதிரி இருக்கான் பாரு," என்பார், ஆள் காதில் விழும்படியே.

அவருக்குப் பதினேழரை அங்குலக் கழுத்து. அதுதான் தொல்லை. இந்தக் காலர்களை அந்தக் காலத்தில் கட்டினவர்கள் ஒட்டி உலர்ந்த குமாஸ்தாக்கள். பதினாலும் பதினாலரையும் என் கடையில் பெட்டி பெட்டியாகக் கிடக்கும், சீந்த ஆளிருக்காது. பதினேழரை வருஷத்துக்கு ஒன்று கிடைத்தால் அதிசயம். சக்டன் மூடப்போகும் நாடகக் கொட்டகைகளில் போய்த் துழாவுவார், விதவைகள் வீட்டு அலமாரியைத் திறக்கச் சொல்வார். "செத்தவங்க அறிவிப்புல வயசைப் போடுறான், கழுத்தளவைப் போட்டா எனக்கு எவ்வளவு அலைச்சல் மிச்சம்," என்று ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டார். வாயில் நல்லதே வராது அந்த மனிதருக்கு.

போன கோடையில் வயிற்றில் கட்டி என்றார்கள். வெட்டி எடுத்தார்கள், முழுக்க எடுக்க முடியவில்லை. குரல் மட்டும் அப்படியே இருக்கிறது, ஆள்தான் கரைகிறார். பிப்ரவரியில் வந்து, "அளந்து பாரும்மா, கொஞ்சம் எளைச்சிருப்பேன்," என்றார். நாடாவைச் சுற்றினேன். பதினாலரை. அவருக்குத் தெரியாமல் நாடாவைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, "பதினஞ்சரை," என்றேன்.

"பரவால்லையே. நான் இன்னும் மோசமா நெனச்சிருந்தேன்."

சந்தோஷமாகத்தான் போனார். நான் கொடுத்த பதினைந்தரையைக் கட்டிக்கொண்டு மார்ச் விருந்தில் நின்றார். குனிந்து வணங்கியபோது காலர் ஒரு பக்கமும் கழுத்து ஒரு பக்கமுமாக நின்றதாம். உள்ளே எலும்பு தெரிந்ததைப் பார்த்துச் சங்கத் தலைவரின் மனைவி பயந்துவிட்டாள். மறுநாளே சங்கச் செயலாளர் ஹிஞ்ச்லிஃப் கூப்பிட்டு, "நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க, மே விருந்துக்கு வேற ஆள் பாத்துக்கறோம்," என்றிருக்கிறார். சக்டன் விடவில்லை. மன்றாடி ஒரு தவணை வாங்கியிருக்கிறார். வியாழக்கிழமை முழு உடுப்போடு செயலாளர் முன் போய் நிற்க வேண்டும். பார்த்துவிட்டுத்தான் முடிவு.

செவ்வாயன்று கடைக்கு வந்து நடந்ததையெல்லாம் சொன்னார். "ஆயிரம் பேர் பேரைச் சொல்லிட்டேன், மேவிஸ். இன்னும் ஒரே ஒரு ராத்திரி சொல்லணும். அடுத்த மே மாசம் எனக்குக் கிடையாது."

"அப்படியெல்லாம் பேசாதீங்க."

"பேசாம இருந்தா மட்டும் வந்துடுமா?" பெட்டிகளைப் பார்த்தார். "இருபத்தாறு வருஷம் நாயா அலைஞ்சேன், ஒண்ணு கிடைக்கிறதே குதிரைக் கொம்பா இருந்துச்சு. இப்ப பாரு, உன் கடை பூரா என் சைஸ்."

மார்ச் விருந்தில் அவரை அப்படி நிற்க வைத்தது என் பொய்தான் என்று சொல்லிவிட நினைத்தேன். வாய் வரவில்லை. "போன தடவை சரியாத்தானே அளந்தே?" என்று அவராகவே கேட்டார். தலையை ஆட்டினேன். வெட்கங்கெட்டவள் நான்.

கண்ணாடி முன் நிறுத்தி நாடாவைச் சுற்றினேன். பின்கழுத்தில் இரண்டு நரம்பும் நடுவில் ஒரு பள்ளமும்தான் மிச்சம். சத்தியமாகச் சொல்கிறேன், இந்த முறை ஏமாற்றக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனாலும் விரல் தானாகவே தளர்ந்தது.

சக்டன் கண்ணாடியில் என் கையைப் பார்த்தார். என் விரலிலிருந்து நாடாவின் நுனியை வாங்கி, தோல் சுருங்கும் வரை தானே இழுத்தார். நான் அளவை வாய்விட்டுச் சொல்லும் வரை பிடியை விடவில்லை.